இரவு ஒன்றரை மணிக்கு யார் பார்ப்பது?

2025 ஜூலை 30, மாலை 5.40 மணி. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ராக்கெட் சீறிக் கிளம்பியது. அது சுமந்து போனது நைசார், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய ராடார் செயற்கைக்கோள். மேகம் மூடியிருந்தாலும் இருட்டாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. 12 நாளைக்கு ஒரு முறை அதே இடத்துக்கு மேலே திரும்பி வந்து, தரை கொஞ்சம் தாழ்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடும்.

அந்த ஏவுதளத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டர்தான். நடுவில் பழவேற்காடு ஏரி. ராக்கெட் விடுகிறார்கள் என்றால் இந்தப் பக்கத்து ஊர்களில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்கள். முதலில் வெளிச்சம் தெரியும். பிறகு வெள்ளைக் கோடு ஒன்று வானத்தில் எழும். சத்தம் அதற்கப்புறம்தான் வந்து சேரும். அதே மாடியில் நின்று இன்னொரு பக்கம் திரும்பினால் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள்.

வானத்திலிருந்து பூமியின் ஒவ்வொரு அசைவையும் பார்க்கும் கருவிகளை அனுப்பும் இடத்துக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊர் இது. இந்த ஊர்க்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. ராத்திரியில் வருகிற புகை எந்த ஆலையிலிருந்து வருகிறது?

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர், புறநகர் ரயிலில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் இண்டக்‌ஷன் உலைகள் இருக்கின்றன, கம்பி இழுக்கும் ரோலிங் மில்கள் இருக்கின்றன, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் ரசாயனத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. தொழிற்சாலைகளின் அபாயகரக் கழிவைப் புதைக்கும் பொது நிலமும் இங்கேதான். சுற்றிலும் பாப்பன்குப்பம், சித்துராஜகண்டிகை, பெத்திக்குப்பம், புதுகும்மிடிப்பூண்டி என்று ஊர்கள். 1990-ல் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களின் முகாமும் இந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

பாப்பன்குப்பம் பக்கத்தில் ஒரு வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரை ஈரத் துணியால் ஒரு முழ நீளம் துடைத்துப் பார்த்தேன். வெள்ளைத் துணி கரிப்பானையைத் துடைத்ததுபோல் ஆனது. துணி காய்ந்ததும் தூசியைக் காகிதத்தில் உதறி, அடியில் ஒரு காந்தத்தைப் பிடித்து நகர்த்தினேன். தூசியில் ஒரு பங்கு மீசை மயிர்போல் குத்திட்டு எழுந்து, காந்தம் போன பக்கமெல்லாம் கூடவே போனது. மீதி அசையாமல் கிடந்தது. எழுந்து நின்றதில் இரும்பின் ஆக்சைடு இருக்கிறது. அசையாமல் கிடந்ததில் ரோட்டுப் புழுதி இருக்கலாம், கரி இருக்கலாம், ஈயம்கூட இருக்கலாம். ஈயம் காந்தத்துக்கு மசியாது. எந்த உலையிலிருந்து, எத்தனை மணிக்குக் கிளம்பி வந்து இந்தச் சுவரில் உட்கார்ந்தது என்பதைக் காந்தம் சொல்லாது.

செயற்கைக்கோள் சொல்லுமா? நானோ தொழில்நுட்பம் சொல்லுமா? மாசுக்கு எதிரான புதிய ஆயுதங்கள் என்று இரண்டையும் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். கும்மிடிப்பூண்டி மாடியில் நின்று பார்த்தால் இவற்றின் பலமும் தெரியும், எல்லையும் தெரியும்.

வானத்துக் கண்ணின் கடிகாரம்

காற்று மாசைப் பார்ப்பதற்கென்றே இருக்கும் செயற்கைக்கோள்களில் முக்கியமானது ஐரோப்பாவின் சென்டினல்-5பி. 2017 அக்டோபரில் விண்ணுக்குப் போனது. அதிலிருக்கும் ட்ரோபோமி என்ற கருவி, பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடு ஒளியின் சில நிறங்களை விழுங்கும், கந்தக டை ஆக்சைடு வேறு சில நிறங்களை விழுங்கும். எந்த நிறம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை வைத்து, கீழே எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். உலகம் முழுவதையும் நாள்தோறும் ஒரு முறை அளக்கிறது. தரவு முழுக்க இலவசம். செல்போன் வைத்திருக்கும் யாரும் திறந்து பார்க்கலாம்.

இதற்கு முன்னோடி நாசாவின் ஆரா செயற்கைக்கோளில் இருக்கும் ஓ.எம்.ஐ. கருவி. அதன் தரவை வைத்து 2019-ல் கிரீன்பீஸ் அமைப்பு, உலகில் மனிதச் செயலால் கந்தக டை ஆக்சைடு அதிகமாக வெளியாகும் இடங்களைப் பட்டியலிட்டது. இந்தியாவின் பெயர் உலகப் பட்டியலின் உச்சியில் இருந்தது. நாட்டுக்குள் சிங்ரௌலி, கோர்பா, தால்ச்சேர் ஆகிய நிலக்கரிப் பகுதிகளோடு நெய்வேலியும் சென்னையும் இடம்பெற்றன. சென்னை என்று அதில் குறிக்கப்பட்டதை மெரினாவோ மயிலாப்பூரோ என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கரி எரியும் எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் அது. வல்லூரில் மட்டும் 1,500 மெகாவாட். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு ஒன்று 2024 மார்ச்சில் சேர்ந்தது. உயரமான புகைபோக்கியிலிருந்து ராப்பகலாக வெளியாகும் இவ்வளவு பெரிய புகையை விண்ணிலிருந்து மறைக்க முடியாது. தரைக் கருவி பழுது, அன்றைக்குக் கரண்ட் இல்லை என்ற சமாதானங்கள் அங்கே செல்லாது. இதில் செயற்கைக்கோள் நமக்குக் கிடைத்த வரம்.

கும்மிடிப்பூண்டிக்கு வந்தால் கதை மாறுகிறது. ட்ரோபோமி பார்க்கும் உலகம் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டம் 5.5 கிலோமீட்டர் நீளம், 3.5 கிலோமீட்டர் அகலம். சிப்காட்டின் பெரும்பகுதி, பக்கத்து ஊர், கொல்கத்தா நெடுஞ்சாலையில் போகிற லாரி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்கு ஒரே ஓர் எண். இந்தப் பகுதியில் மாசு கூடியிருக்கிறது என்று சொல்லும் அந்த எண், பத்துக் கொட்டகைகளில் எந்தக் கொட்டகை என்று சொல்லாது.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். சென்டினல்-5பி நம் தலைக்கு மேலே வருவது நண்பகல் தாண்டி, சுமார் 1.30 மணிக்கு. அது சூரிய ஒளியை நம்பியே வேலை செய்யும் கருவி. சூரியன் மறைந்தால் அதற்குக் கண் தெரியாது. சிப்காட்டைச் சுற்றியிருக்கும் ஊர்களில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பகலில் பரவாயில்லை, ராத்திரி பதினோரு மணிக்கு மேல்தான் மூச்சு முட்டுகிறது. ஊர் தூங்கியபின் புகையைத் திறந்துவிடுகிறார்கள் என்பது இவர்களின் பல ஆண்டுப் புகார்.

இந்தப் புகாரில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. முதலாவது இயற்கை. பகலில் வெயிலால் தரை சூடேறி, காற்று மேலும் கீழுமாகப் புரள்கிறது. புகை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்து கலைந்துவிடும். இரவில் தரை குளிர்ந்ததும் இந்தப் புரட்டல் நின்றுபோய், சில நூறு அடி உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத மூடி போட்டதுபோல் ஆகிவிடும். பகலில் விட்ட அதே அளவு புகையை இரவில் விட்டாலும், மூக்குக்கு வந்து சேருவது பல மடங்கு.

இரண்டாவது, மனிதர்கள் செய்வது. உருக்கு உலையின் வாயிலிருந்து கிளம்பும் புகையை உறிஞ்சிக் குழாய் வழியே இழுத்து, நூற்றுக்கணக்கான துணிப் பைகளின் வழியே வடிகட்டி, பிறகுதான் புகைபோக்கிக்கு அனுப்ப வேண்டும். அந்தக் காற்றை இழுக்கப் பெரிய விசிறி வேண்டும். விசிறி ஓடினால் மின்கட்டணம் ஏறும். அடைத்துப்போன பைகளை மாற்றினால் செலவு. விசிறியை நிறுத்திவிட்டால் புகை கொட்டகையின் கூரை இடுக்கு வழியாக வெளியேறிவிடும். அப்படிப் போகும் புகை எந்தப் புகைபோக்கியிலும் இல்லை. ஆகவே புகைபோக்கியில் பொருத்திய எந்தக் கருவியிலும் பதிவாகாது.

செயற்கைக்கோளின் நேரம் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வடக்கே ஒரு பாடம் இருக்கிறது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கோல் தாள் எரிப்பதை நாசாவின் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடக்கும்போது எண்ணுவார்கள். தீ குறைந்துவிட்டது என்று அரசுகள் மகிழ்ந்தன. டெல்லியில் புகை மட்டும் குறையவில்லை. 2024-ல் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜெத்வா, ஒரே இடத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டார். செயற்கைக்கோள்கள் கடந்துபோன பிறகு, பிற்பகலில் தீ வைப்பது தெரியவந்தது. ஒரு விவசாயிக்கே தெரிந்துவிட்ட நேரம், ஆலை மேலாளருக்குத் தெரியாமலா இருக்கும்?

கொரியா 2020-ல் அனுப்பிய ஜெம்ஸ் கருவி ஆசியாவின் காற்றைப் பகல் முழுவதும் மணிக்கொரு முறை அளக்கிறது. நல்ல முன்னேற்றம். ஆனால் அதுவும் பகல்காரன்தான். இரவிலும் பார்க்கும் விர்ஸ் என்ற கருவி நாசாவின் சுவோமி செயற்கைக்கோளில் இருக்கிறது. அது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில்கூடக் கடக்கிறது. சுத்திகரிப்பு ஆலைகளின் உச்சியில் எரியும் வாயுச் சுடர்களை அது இருட்டில் பிடித்துவிடும். தகரக் கூரைக்கு அடியில் கொதிக்கும் இண்டக்‌ஷன் உலை அதன் கண்ணில் படாது.

நைசாரும் காற்றைப் பார்க்கும் கருவியல்ல. அது நிலத்துக்கும் நீருக்கும் ஆனது. அந்த விஷயத்தில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு அதன் உதவி நிறையவே தேவைப்படும்.

வரைபடத்தில் காணாமல்போன கழிமுகம்

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகத்தின் கதை இந்தக் கட்டுரையோடு நேராகச் சம்பந்தப்பட்டது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்காக மத்திய அரசு 1996-ல் ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில், கழிமுகமும் அதைச் சுற்றிய உப்பங்கழியும் கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தன. பின்னாளில் மாநில அரசுத் தரப்பு எடுத்துக் காட்டிய வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம். ஆற்றைத் துடைத்தெடுத்த அந்தத் தாளை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே சூழல் ஆர்வலர்கள் 2017-ல் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு டி.எம். கிருஷ்ணா கழிமுகக் கரையில் நின்று புறம்போக்குப் பாடலைப் பாடினார்.

காகித வரைபடத்தை மாற்றி வரையலாம். 1972 முதல் பூமியைப் படம்பிடித்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் பழைய படங்களை யாரும் மாற்ற முடியாது. 2008 முதல் அவை எல்லோருக்கும் இலவசம். காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் விரும்பினால், தன் தாத்தா வலை வீசிய காலத்தில் கழி எவ்வளவு அகலம் இருந்தது, சாம்பல் குளம் எந்த ஆண்டில் எவ்வளவு தூரம் வளர்ந்தது என்பதை ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பார்க்கலாம். அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்த சேறு, 10 மீட்டர் துல்லியத்தில் படம் எடுக்கும் சென்டினல்-2 படத்தில் வெளிர்சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரிகிறது. பச்சையும் பழுப்புமாக இருக்க வேண்டிய இடத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

எண்ணெய்க் கசிவிலும் இதே கதை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் பரவியது. எண்ணெய் படிந்த நீரில் சிற்றலை அடங்கிவிடுவதால் ராடார் படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். இப்படி விண்ணிலிருந்தே கசிவைக் கண்டுபிடிக்க முடிகிறது. எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்று ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் கணித்தும் சொன்னது. கரையில் நடந்ததைத் தமிழ்நாடே பார்த்தது: இளைஞர்கள் வரிசையாக நின்று வாளியில் அள்ளினார்கள். கிட்டத்தட்ட ஏழாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர்க் கழிக்குப் போனது. அப்போதும் மீனவர்கள் படகில் உட்கார்ந்து கையாலும் குவளையாலும்தான் அள்ளினார்கள். எண்ணெயை மட்டும் குடித்துத் தண்ணீரை விலக்கும் நானோ பூச்சுப் பஞ்சுகள் பற்றி ஆய்விதழ்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. அவற்றில் ஒரு மூட்டைகூட அன்றைக்குப் படகுத்துறைக்கு வந்து சேரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

மயிரிழையில் ஆயிரத்தில் ஒரு பங்கு

நானோ மீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் அறுபதாயிரம் நானோ மீட்டர் இருக்கும். ஒரு பொருளை நூறு நானோ மீட்டருக்கும் கீழே நுணுக்கினால் அதன் குணமே மாறிவிடும். தங்கம் மஞ்சள் என்றுதான் நமக்குத் தெரியும். அதை இருபது நானோ மீட்டர் துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் நீர் செம்பருத்திச் சாறுபோல் சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சிவப்பு நீலமாக மாறும். இதில்தான் சூட்சுமம். ஈயமோ பாதரசமோ வந்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி அந்தத் துகள்களுக்கு மேலாடை போட்டுவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீரில் விஷ உலோகம் இருக்கிறதா என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உலகின் பல ஆய்வகங்களில் இது வேலை செய்கிறது.

சென்னைக்கு இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் நானோ அறிவியலுக்கென்றே தேசிய மையம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் டி. பிரதீப், நுண்ணிய வெள்ளித் துகள்களால் பூச்சிக்கொல்லி எச்சத்தைச் சிதைக்க முடியும் என்று காட்டினார். அதை வைத்துச் செய்த குடிநீர் வடிகட்டி 2007-ல் கடைக்கு வந்தது. அதே 2007-ல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாயில் நானோ திட்டத்தை அறிவித்தது. பிரதீப் குழுவினர் அடுத்து ஆர்சனிக்கை எடுத்துக்கொண்டார்கள். நண்டு, இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் என்ற பொருளோடு இரும்புச் சேர்மத்தை நானோ அளவில் பின்னி, மணல்போன்ற குருணையாக்கினார்கள். தண்ணீர் அதன் வழியே போனால் ஆர்சனிக் குருணையிலேயே ஒட்டிக்கொள்ளும். அம்ரித் என்று பெயர். மேற்கு வங்கம் உள்ளிட்ட இடங்களில் லட்சக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் தருகிறது. பிரதீப்புக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

கும்மிடிப்பூண்டி மண்ணுக்கு இதனால் என்ன? இரும்பை நானோ அளவில் தூளாக்கினால் அது வெறிகொண்ட பொருளாகிவிடும்; பக்கத்தில் வரும் குரோமியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, நீரில் கரைந்து நஞ்சாகப் பரவும் ஆறு மதிப்புள்ள குரோமியத்தை, கரையாமல் மண்ணோடு தங்கும் மூன்று மதிப்புள்ளதாக மாற்றிவிடும். நிலத்தடியில் ஊசி போட்டதுபோல் செலுத்தலாம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாசடைந்த பல இடங்களில் செய்திருக்கிறார்கள். சிப்காட்டின் முதல் பேட்டையான ராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஓர் அரசு கூட்டுத்துறைக் குரோமேட் ஆலை ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலான குரோமியக் கழிவைத் திறந்தவெளியில் விட்டுப்போனது. இன்றும் மழை பெய்தால் மஞ்சள் நீர் ஓடுகிறது. மருந்து தெரிந்த நோய் அது. முப்பது ஆண்டுகளாக நோயாளி காத்திருக்கிறார். கும்மிடிப்பூண்டி அந்த நிலைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்.

இந்தப் பயம் சென்னைவாசிகளுக்கும் வர வேண்டும். கும்மிடிப்பூண்டிக்கு அருகிலேயே கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் இருக்கிறது. சென்னைக் குடிநீருக்காகச் சுமார் 380 கோடி ரூபாயில் கட்டி 2020 நவம்பரில் திறந்தார்கள். அரை டி.எம்.சி. கொள்ளளவு. அதே தேர்வாய்கண்டிகையில்தான், மக்களின் நீண்ட எதிர்ப்பை மீறி 1,127 ஏக்கர் மேய்ச்சல் காட்டில் இன்னொரு சிப்காட் வந்தது. கும்மிடிப்பூண்டி ஊரின் தாமரை ஏரி, பெயரில் மட்டும் தாமரையை வைத்துக்கொண்டு துர்நாற்றம் வீசுவதை நெடுஞ்சாலையில் போகிறவர்களே அறிவார்கள். அதை ஒரு முறை அளந்து பாருங்கள், நிறம் மாறும் காகிதமோ நானோ உணரியோ ஏதாவது ஒன்றை வைத்து ஒவ்வொரு வாரமும் அளந்து பாருங்கள் என்று கேட்பது பெரிய ஆசையா?

ஒன்றை மறந்துவிடக் கூடாது. உருக்கு உலையின் புகையே ஒரு நானோ பொருள்தான். ஈயமும் துத்தநாகமும் சூட்டில் ஆவியாகி, வெளிக்காற்றில் பட்டதும் உறைந்து மிக நுண்ணிய துகளாகின்றன. அவற்றில் பலவும் நூறு நானோ மீட்டருக்கும் கீழே. மூக்கு மயிரோ சளியோ அவற்றைத் தடுக்காது. நுரையீரலின் கடைசி அறை வரை போய் ரத்தத்தில் இறங்கிவிடும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் பிடிக்கும். வெளியே போன துகளைத் துரத்திப் பிடிக்கும் நானோ மருந்து இன்று எந்த நாட்டிலும் இல்லை. உலை வாயிலேயே பிடிக்க வேண்டும். அதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை: ஓடுகிற விசிறி, கிழியாத பை.

ஒரு நிலையம், ஒரு நோட்டுப் புத்தகம்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டு, 43-ஐ மிக மோசமானவை என்று அறிவித்தது. திருவள்ளூர் மாவட்டத்துப் பக்கம் மணலிக்கு 76.32 புள்ளி கிடைத்தது. 70-ஐத் தாண்டினாலே அபாயம். 2019-ல் வந்த தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களுக்கானது. சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி அதில் இருக்கின்றன. பேரூராட்சியான கும்மிடிப்பூண்டிக்கு அங்கே இடமில்லை. உலைகளை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டு, திட்டத்தை நகரத்துக்குக் கொடுத்தது நியாயமில்லை.

கும்மிடிப்பூண்டியில் தொடர் காற்றுத்தர நிலையம் ஒன்று இருக்கிறது. அந்தோணி பிள்ளை நகரில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துவது. அதன் எண்கள் மத்திய வாரியத்தின் இணையதளத்திலும் சமீர் செயலியிலும் வருகின்றன. மணிக்கு மணி. இரவு ஒன்றரை மணிக்கும். செயற்கைக்கோள் பார்க்காத நேரத்தில் விழித்திருக்கும் ஒரே அரசுக் கண் அது. ஒரு நிலையம் ஓர் இடத்துக் காற்றைத்தான் சொல்லும். காற்று மறுபக்கம் வீசினால் பாப்பன்குப்பத்தில் கண் எரியும்போது அங்கே எண் நன்றாகவே இருக்கலாம்.

பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் கான்பூர் ஐ.ஐ.டி.யினர் ஒன்றியத்துக்கு ஒன்று என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட விலை குறைந்த உணரிகளைக் கிராமங்களில் பொருத்தியிருக்கிறார்கள். பெரிய நிலையத்தின் துல்லியம் அவற்றுக்குக் கிடையாது; அடிக்கடி ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ஆனால் புகை எந்த மூலையிலிருந்து கிளம்பி எந்த மூலைக்குப் போனது என்பதை அவை சொல்லிவிடும். சிப்காட்டைச் சுற்றி ஊருக்கு இரண்டாக இருபது உணரிகள் போதும். இரண்டு உணரிகளில் எண் ஏறிய நேரத்தையும் காற்றின் திசையையும் வைத்துக் கோடு போட்டால், கோடு எந்தக் கொட்டகையில் போய் முட்டுகிறது என்று ஒரு பொறியியல் மாணவர் சொல்லிவிடுவார். செயற்கைக்கோள் தரும் ஆண்டுக் கணக்கு ஒரு பக்கம், உணரி தரும் மணிக்கணக்கு இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

அரசு செய்ய வேண்டியது இருக்கிறது. அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் தங்கள் புகைபோக்கியில் கருவி பொருத்தி, அளவை நேரடியாக வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2014-லேயே உத்தரவு வந்துவிட்டது. உலை வைத்திருக்கும் ஒவ்வோர் ஆலைக்கும் இதை விரிக்க வேண்டும். வடிகட்டியின் விசிறிக்குத் தனி மின் மீட்டர் வைக்க வேண்டும். உலை மின்சாரம் இழுக்கும் நேரத்தில் விசிறி இழுக்கவில்லை என்றால், அந்த ஒரு வித்தியாசமே குற்றத்தைச் சொல்லிவிடும். செயற்கைக்கோளும் வேண்டாம், நானோவும் வேண்டாம். வாரியத்தின் பறக்கும் படை இரவு பன்னிரண்டுக்கு மேல் வர வேண்டும். இந்த எண்கள் எல்லாம் ஊர் மக்கள் பார்க்கும்படி தமிழில் வெளியே இருக்க வேண்டும்.

கும்மிடிப்பூண்டி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைக்கே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ராத்திரி புகை வரும்போது எழுந்து தேதி, மணி, எந்தப் பக்கத்துக் காற்று, என்ன வாடை, புகையின் நிறம் ஆகியவற்றைக் குறியுங்கள். காலையில் அந்தோணி பிள்ளை நகர் நிலையத்தின் எண்ணை அதே மணிக்கு நேராக எழுதுங்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவரையும் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் விடாமல் எழுதுங்கள். திங்கட்கிழமை தோறும் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. அந்த நோட்டோடு போய் வரிசையில் நில்லுங்கள்.